சாராயம் குடித்த கார்

அறுபதுகளின் நடுவே ஒரு மழைக்காலத்தில் என் அத்திம்பேரைச் சாராயக் கேஸில் போலீஸ் பிடித்துக்கொண்டு போனது. நானும் கூட இருந்தேன். இன்றைக்கும் யாரிடமாவது இதைச் சொன்னால் முதலில் சிரிக்கிறார்கள். எனக்குச் சிரிப்பு வந்ததில்லை.

என் அக்காவின் கணவரைத்தான் அத்திம்பேர் என்கிறேன். அப்பா போனபிறகு நான் மாட்டுங்காவில் அவர்கள் வீட்டில்தான் இருந்தேன். அத்திம்பேர் கோட்டைப் பகுதியில் ஒரு இன்ஷூரன்ஸ் ஆபீஸில் அக்கவுண்டண்ட். வெளியில் தண்ணீர் குடிக்க மாட்டார். இருமலுக்கு டாக்டர் எழுதிக்கொடுத்த டானிக்கைக்கூட மூடியைத் திறந்து மோந்து பார்த்து, "இதுல என்னமோ இருக்கு" என்று அலமாரியில் திருப்பி வைத்துவிடுவார். பம்பாயில் அப்போது மதுவிலக்கு. டாக்டர் சர்டிபிகேட்டும் சர்க்கார் பெர்மிட்டும் உள்ளவர்கள்தான் குடிக்கலாம். பெர்மிட் இல்லாத மற்றவர்களுக்காகத் தாராவிக்குப் பின்னால் இருந்த சதுப்பில் காய்ச்சினார்கள். அதை லாரி டியூபில் அடைத்தும், காரின் டிக்கியில் ரகசியத் தொட்டி கட்டியும் ஊருக்குள் கொண்டுபோவார்கள் என்று மராத்திப் பேப்பரில் வரும். எங்களுக்கு அது வேறு ஏதோ ஊர்ச் செய்தி மாதிரிதான்.

அத்திம்பேருக்கு ஒரே ஒரு ஆடம்பரம் உண்டு. ஊரைவிட்டுப் போன ஒரு பார்சிக்காரரிடம் வாங்கிய பழைய கறுப்புக் கார். அதை ஞாயிற்றுக்கிழமை காலையில் தானே துடைப்பார். டாஷ்போர்டில் ஒரு வெங்கடாஜலபதி படம் ஒட்டியிருந்தது.

அந்த வருஷம் எங்கள் தெரு முனையில் இருந்த பங்கில் பெட்ரோலோடு ஸ்பிரிட் கலந்து விற்க ஆரம்பித்தார்கள். கரும்பு ஆலையில் மிஞ்சும் பாகிலிருந்து வடிப்பது, சர்க்காரே கலக்கச் சொல்லியிருக்கிறது, வெளிநாட்டு எண்ணெய் கொஞ்சம் மிச்சமாகும் என்றார் பங்க்காரர். அவர் ஒரு குஜராத்தி. மாட்டுங்காவிலேயே பிறந்து வளர்ந்ததால் தமிழ் பேசுவார். "சார், வண்டி நல்லா ஓடும். ஒண்ணே ஒண்ணு, டாங்க்ல தண்ணி மட்டும் போகக்கூடாது. தண்ணி பட்டா ஸ்பிரிட் பெட்ரோலை விட்டுட்டு தண்ணியோட போயிடும். மூடி டைட்டா இருக்கணும்."

நான் பின் சீட்டில் இருந்தேன். அத்திம்பேர் காதில் மூடி விஷயமெல்லாம் விழவில்லை.

"ஸ்பிரிட்னா? குடிக்கறாளே, அதுவா?"

"அதே சாமான்தான் சார். குடிக்கறதுக்கு இல்லே, எரிக்கறதுக்கு."

அத்திம்பேர் முகம் வெளுத்துப்போனதை நான் பக்கவாட்டில் பார்த்தேன். வீட்டுக்கு வந்ததும் வண்டியை நிறுத்திவிட்டு, நகத்தால் நெம்பி நெம்பி வெங்கடாஜலபதி படத்தைக் கிழியாமல் எடுத்து உள்ளே கொண்டுபோய் வைத்தார். "அது மிஷின்தானே, அதுக்கு என்ன ஆசாரம்?" என்று அக்கா கேட்டாள்.

வண்டியின் பெட்ரோல் மூடியை யாரோ திருடிப்போய்க் கொஞ்ச நாளாகியிருந்தது. அதற்கேற்ற மூடி திருட்டுச் சாமான் விற்கும் சோர் பஜாரிலும் கிடைக்கவில்லை. பழைய வேஷ்டித் துணியை உருட்டி அடைத்து, மேலே ரப்பர் ஷீட் வைத்துக் கட்டியிருந்தார். வெயில் காலத்தில் அது போதுமாகத்தான் இருந்தது.

நான் செம்பூரில் ஒரு தொழிற்சாலையில் டைப்பிஸ்ட். ஒரு சனிக்கிழமை காலையிலிருந்தே மழை கொட்டியது. மத்தியானம் ரயில் நின்றுவிட்டது என்று கேள்விப்பட்டு, அரைநாள் ஆபீஸ் முடித்த அத்திம்பேர் காரை எடுத்துக்கொண்டு என்னைக் கூப்பிட வந்துவிட்டார். தொழிற்சாலை கேட்டில் குடையோடு அவர் நின்றதைப் பார்த்தபோது எனக்கு எவ்வளவு நிம்மதியாக இருந்தது என்று சொல்லத் தெரியவில்லை.

சயான் தாண்டும்வரை வண்டி ஓடியது. தாராவிக்குத் திரும்பும் முனையில் இரண்டு தடவை விக்கல் மாதிரி குதித்துவிட்டு நின்றது. ஸ்டார்ட்டரை இழுத்தால் உறுமுகிறது, பிடிக்கவில்லை. முழங்கால் தண்ணீரில் இறங்கி நாங்கள் இரண்டு பேரும் தள்ளினோம். ரோட்டோரம் தகரக்கூரை போட்ட ஒரு ஒர்க்ஷாப் இருந்தது. அங்கிருந்த மெக்கானிக் சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு வந்து கை கொடுத்தார். நாங்கள் தமிழ் பேசியதைக் கேட்டதும், "நம்ம ஊருதானா? எனக்கு நாங்குநேரிப் பக்கம். உள்ள வாங்க சாமி, தங்கச்சி நனையுது பாருங்க" என்றார்.

பானெட்டைத் தூக்கிப் பார்த்தார். பெட்ரோல் பம்பின் அடியில் எலுமிச்சம்பழம் அளவுக்கு ஒரு கண்ணாடிக் கிண்ணம் உண்டு, கசடு தங்குவதற்காக. அதற்குள் இருந்தது இரண்டாகப் பிரிந்து நின்றது. மேலே மங்கலான மஞ்சள், கீழே தெளிவான தண்ணீர் மாதிரி ஒன்று.

"டாங்க்ல மழைத்தண்ணி போயிட்டுல்லா. இப்ப ஊத்துதானுவளே புது பெட்ரோலு, அதுல இதான் தொல்லை. இந்த வாரம் இது ரெண்டாவது வண்டி. அடியில நிக்கிறதை வடிச்சிட்டா ஓடிரும்."

அவர் வண்டிக்கு அடியில் படுத்து டாங்கின் வடிகால் நட்டைத் திருகினார். அத்திம்பேர் ஒரு டால்டா டின்னை ஏந்திக்கொண்டு குனிந்திருந்தார். துரு ஏறிய நட்டு சட்டென்று கழன்றது. உள்ளே இருந்தது பீய்ச்சி அவர் முகத்திலும் சட்டையிலும் அடித்துவிட்டுப் பிறகுதான் டின்னில் விழ ஆரம்பித்தது. அத்திம்பேர் துப்பினார், கண்ணைக் கசக்கினார், மறுபடி துப்பினார். ஷெட் முழுக்க ஒரு வாசனை எழுந்தது. அது பெட்ரோல் வாசனை மட்டுமில்லை. தாராவி ரோட்டில் பஸ் போகும்போது சில சந்துகளிலிருந்து வருமே, அந்த வாசனை.

டின் நிறைந்துகொண்டிருக்கும்போதுதான் மழைக்கோட்டு போட்ட ஒரு ஹவல்தாரும் ஒரு இளம் கான்ஸ்டபிளும் ஷெட்டுக்குள் ஒதுங்கினார்கள். மழைக்குத்தான் ஒதுங்கினார்கள் என்று நினைக்கிறேன். ஹவல்தார் ஐம்பதை நெருங்குகிற ஆள், மீசை நரைத்திருந்தது. மூக்கை உயர்த்தினார். நேராக அத்திம்பேரிடம் வந்து சட்டைக்காலரைப் பிடித்து முகர்ந்தார். குனிந்து டின்னை முகர்ந்தார்.

"தாரூ" என்றார். சாராயம்.

அத்திம்பேர் வாயைத் திறந்தார். சத்தம் வரவில்லை. இருபது வருஷமாகப் பம்பாயில் இருந்தும் அவருக்கு இந்தி அரைகுறைதான். பயத்தில் அந்த அரையும் போய்விட்டது.

"ஊதிக் காட்டு" என்றார் ஹவல்தார். அத்திம்பேர் ஊதினார். வாயில்தான் அது தெறித்திருந்ததே. ஹவல்தார் தலையை ஆட்டிக்கொண்டு டாங்கைத் தட்டிப் பார்த்தார். "புது வித்தையா இருக்கே. பெட்ரோல் டாங்குலேயே கொண்டுபோறானுங்க." பிறகு என்னைப் பார்த்தார். "இந்தப் பொண்ணு யாரு?"

"ஸாலி" என்றார் அத்திம்பேர், மனைவியின் தங்கை என்பதற்கு அவருக்குத் தெரிந்த ஒரே இந்தி வார்த்தையில். அது வசவுக்கும் ஆகும் வார்த்தை. கான்ஸ்டபிள் சிரித்தான். அந்தச் சிரிப்பை நான் மறக்கவில்லை. என்னை அதுவரைக்கும் யாரும் அப்படிப் பார்த்துச் சிரித்ததில்லை. உடம்பெல்லாம் எரிந்தது.

மெக்கானிக் இந்தியில் என்னென்னவோ சொல்லிப் பார்த்தார். "இது பெட்ரோல்ல வந்தது சாகேப், பங்குல கேளுங்க." தாராவி மெக்கானிக் சாராயத்தைப் பற்றிச் சாட்சி சொன்னால் யார் நம்புவார்கள்? அவரையும் சேர்த்து நடக்கச் சொன்னார்கள். ஹவல்தார் தான் வண்டிக்கும் டின்னுக்கும் காவல் இருப்பதாகச் சொல்லி எங்கள் காரின் பின் சீட்டில் ஏறி உட்கார்ந்துகொண்டார். கான்ஸ்டபிள் எங்களை மழையில் நடத்திக் கூட்டிப்போனான்.

ரோட்டில் போகிறவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். ஒரு சாயாக்கடை வாசலில் நின்றிருந்தவர், எங்கள் சபாவில் அத்திம்பேரோடு சேர்ந்து உட்கார்ந்து கச்சேரி கேட்கிறவர். சட்டென்று முகத்தைத் திருப்பிக்கொண்டார். அத்திம்பேர் அதைப் பார்த்துவிட்டார். அதற்குப்பிறகு அவர் தலையை நிமிர்த்தவில்லை.

ஸ்டேஷனில் சப்-இன்ஸ்பெக்டர் என்னைவிட நாலைந்து வயதுதான் கூட இருப்பார். எதிரில் டீ ஆறிக்கொண்டிருந்தது. கான்ஸ்டபிள் விஷயத்தைச் சொன்னான். அத்திம்பேர் பெஞ்சில் உட்கார்ந்து ஈரச் சட்டையின் நுனியைப் பிழிந்துகொண்டிருந்தார். பேசவேண்டியது நான்தான் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. இங்கிலீஷில் ஆரம்பித்தேன்; குரல் உடைந்ததும் இந்திக்கு மாறினேன்.

பெட்ரோலில் ஸ்பிரிட் கலந்து விற்கிறார்கள், தண்ணீர் பட்டால் அது பிரிந்து அடியில் நின்றுவிடும், அதைத்தான் வடித்தோம் என்றேன்.

"பெட்ரோலிலிருந்து சாராயம் வருமா? யார் சொன்னது உனக்கு?"

"பங்க்காரர் சொன்னார். நீங்களே பார்க்கலாம். உங்கள் ஜீப்புக்கும் இந்தப் பக்கத்துப் பங்கில்தானே போடுகிறீர்கள்? கொஞ்சம் எடுத்து ஒரு பாட்டிலில் ஊற்றித் தண்ணீர் சேர்த்துப் பாருங்கள்."

இதைச் சொல்ல எனக்கு எங்கிருந்து துணிச்சல் வந்தது? பங்க்காரர் சொன்னதை நான் ஒருதரமும் கண்ணால் பார்த்ததில்லை, அந்தக் கண்ணாடிக் கிண்ணத்தைத் தவிர. அவர்கள் ஜீப்பில் போட்டது பழைய பெட்ரோலாக இருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று பின்னால்தான் யோசித்தேன்.

சப்-இன்ஸ்பெக்டருக்கு வேறு வேலை இல்லையோ, நிஜமாகவே ஆவலோ, டிரைவரைக் கூப்பிட்டார். ஒரு காலி மருந்து பாட்டிலில் பாதி பெட்ரோல் வந்தது. ஓட்டிலிருந்து சொட்டிய மழைத்தண்ணீரை ஒரு விரல் உயரம் பிடித்து அதில் விட்டார்கள். மெக்கானிக் பாட்டிலைக் குலுக்கி மேஜைமேல் வைத்தார். முதலில் பால் மாதிரி கலங்கியது. எல்லோரும் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தோம், அத்திம்பேரைத் தவிர. மெதுவாகத் தெளிந்தது. நடுவில் ஒரு கோடு விழுந்தது. ஊற்றிய தண்ணீர் ஒரு விரல், கோட்டுக்குக் கீழே நின்றது இரண்டு விரலுக்கு மேலே.

மேலே இருந்ததை டிரைவர் ஜாக்கிரதையாகக் கொட்டினான். மிச்சத்தைச் சப்-இன்ஸ்பெக்டர் மூக்கருகே கொண்டுபோனார். உடனே விலக்கினார். மறுபடி முகர்ந்தார்.

"அரே" என்றார் மெல்ல. பிறகு தனக்குள்ளேயே பேசுகிற மாதிரி, "மனுஷன் குடித்தால் ஜெயில். கார் குடிக்க பெர்மிட்டே வேண்டாமா?" என்றார். கான்ஸ்டபிள் சிரிக்கப்பார்த்து, அவர் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டான்.

அவர் எழுந்து அத்திம்பேரிடம் போய், போகலாம் என்று கையால் காட்டினார். மன்னிப்பெல்லாம் கேட்கவில்லை. அத்திம்பேர் எழுந்திருக்கவுமில்லை. நான்தான் தோளைத் தொட்டு, "அத்திம்பேர், விட்டுட்டா. ஆத்துக்குப் போலாம்" என்றேன்.

வாசலுக்கு வந்தபோது சப்-இன்ஸ்பெக்டர் பின்னாலிருந்து கேட்டார். "வடிச்ச டின் எங்கே?"

"ஷெட்டுல இருக்கு சாகேப். ஹவல்தார் காவல் இருக்காரு" என்றார் மெக்கானிக்.

சப்-இன்ஸ்பெக்டர் முகம் மாறியதை இப்போதும் நான் அப்படியே பார்க்கிறேன். கான்ஸ்டபிள் தரையைப் பார்த்தான். அவர்கள் இரண்டு பேருக்கும் தெரிந்த ஏதோ ஒன்று எங்களுக்குத் தெரியவில்லை என்பது மட்டும் புரிந்தது.

"ஜீப்பை எடு" என்றார்.

எங்களையும் ஏற்றிக்கொண்டார்கள். ஷெட் முன்னால் ஜீப் நிற்கும் முன்பே மெக்கானிக் குதித்து ஓடினார். "ஐயோ, குடிச்சிட்டாம்லா" என்று அவர் குரல் கேட்டது.

ஹவல்தார் எங்கள் காரின் பின் சீட்டிலிருந்து பாதி வெளியே சரிந்து கிடந்தார். அதற்குள் ஷெட்டுக்குள் ஏறியிருந்த தண்ணீரில் தொப்பி மிதந்தது. மெக்கானிக்கின் டீ கிளாஸ் டின்னுக்குள்ளேயே கிடந்தது. டின்னில் பாதிதான் இருந்தது. வாயோரம் நுரை, சட்டை முழுக்க வாந்தி. கண்கள் திறந்திருந்தன, எங்களைப் பார்க்கவில்லை. மூச்சுக்கு மூச்சு பெட்ரோல் வாடை வந்தது. எங்களைக் குடிகாரர்கள் என்று பிடித்த கை, அந்தக் கை காற்றில் எதையோ தேடிக்கொண்டிருந்தது.

நான் அப்படியே நின்றுவிட்டேன். சாராயத்தைப் பிடிப்பவரே அதைக் குடிப்பார் என்பது எனக்கு அந்த வயதில் புத்திக்கு எட்டாத விஷயம். அதுவும் காரிலிருந்து வடித்ததை, கண்ணெதிரே துரு மிதப்பதை.

கான்ஸ்டபிளும் அசையவில்லை. முதலில் அசைந்தது அத்திம்பேர். அவ்வளவு நேரமும் பொம்மை மாதிரி இருந்தவர், தண்ணீரில் மண்டியிட்டு ஹவல்தாரின் தலையைத் தூக்கி, வாந்தி மூச்சில் அடைக்காதபடி பக்கமாகத் திருப்பினார். "காலைப் பிடிங்கோ" என்று தமிழில் சொன்னார். சப்-இன்ஸ்பெக்டரே காலைப் பிடித்தார். ஜீப்பின் பின்புறம் அத்திம்பேர் உட்கார்ந்துகொண்டு அந்தத் தலையைத் தன் மடியில் வைத்துக்கொண்டார். மெக்கானிக் டின்னை எட்டி உதைத்துக் கவிழ்த்துவிட்டு என் பக்கம் திரும்பி, "தங்கச்சி, நீயும் கூடப்போ. சாமி தனியா இருக்கக்கூடாது" என்றார்.

சயான் ஆஸ்பத்திரிக்குப் போகும்வரை வழியெல்லாம் தண்ணீர். ஹவல்தார் இரண்டு தடவை வாந்தி எடுத்தார், இரண்டும் அத்திம்பேர் மடியில். வெளியில் தண்ணீர் குடிக்காத மனிதர், தன் கைக்குட்டையால் அந்த வாயைத் துடைத்துக்கொண்டே வந்தார். ஏதோ முணுமுணுத்துக்கொண்டிருந்தார். சுலோகம் என்று நினைத்தேன். கிட்டே போய்க் கேட்டால், "மூச்சு விடு, மூச்சு விடு" என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தார்.

உள்ளே கொண்டுபோனபிறகு நாங்கள் வீட்டுக்கு நடந்தே வந்தோம். அக்கா கதவைத் திறந்ததும் அவர் கோலத்தைப் பார்த்து, அந்த வாசனையும் அடிக்க, சுவரில் சாய்ந்துவிட்டாள். நான் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொன்னேன். போலீஸ் ஸ்டேஷன் என்ற இடத்தில் அவளுக்குக் கண்ணீர் வந்தது. மடியில் வைத்துக்கொண்ட இடத்தில் கண்ணீர் நின்றுவிட்டது. வெந்நீர் போட்டுக் கொடுத்தாள். அன்று சாயங்காலம் அவர் ரொம்ப நேரம் குளித்தார். சாப்பிட உட்கார்ந்து சாதத்தைப் பிசைந்தபடியே இருந்துவிட்டு எழுந்துவிட்டார்.

அடுத்த வாரம் என்னிடம், "அந்த மனுஷன் இருக்கானா இல்லையான்னு தெரியலை. வரயா, பாத்துட்டு வரலாம்" என்றார். எனக்குப் போக இஷ்டமில்லை. அவர் காலரைப் பிடித்து இழுத்தவன், என்னை யார் என்று கேட்டவன். ஆனாலும் இந்தி பேச நான் வேண்டுமே, போனேன்.

ஹவல்தார் உயிரோடு இருந்தார். நெஞ்சில் நீர் கோர்த்துக் காய்ச்சல் வந்திருக்கிறது, பிழைத்துவிடுவார் என்றாள் நர்ஸ். எங்களைப் பார்த்ததும் அடையாளம் தெரிந்துகொண்டு முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார். கட்டிலருகே தரையில் அவர் மனைவி உட்கார்ந்திருந்தாள். ஒன்பது கஜச் சேலை, நெற்றியில் பெரிய குங்குமம். எங்களை யாரோ பெரிய இடத்து ஆட்கள் என்று நினைத்து எழுந்து நின்றாள். இவரை ஆஸ்பத்திரியில் சேர்த்தவர்கள் நாங்கள்தான் என்று சொன்னதும் அத்திம்பேர் காலைத் தொட வந்தாள். அவர் பதறி விலகினார்.

பிறகு அவள் குரலைத் தாழ்த்திக் கொச்சை இந்தியில் கேட்டாள். விசாரணை வரப்போகிறதாம், வேலை போய்விடும் என்கிறார்களாம். "சாகேப், நீங்க அங்க இருந்தீங்கல்ல. இவர் தெரிஞ்சேதான் குடிச்சாரா?"

நான் மொழிபெயர்த்துச் சொல்லவேண்டிய அவசியம் இருக்கவில்லை. அத்திம்பேருக்குப் புரிந்துவிட்டது. அவர் ஒரு பொய் சொல்லி நான் கேட்டதில்லை. பால்காரனிடம்கூட வீட்டில் இல்லை என்று சொல்லச் சொல்லமாட்டார்.

"நஹி" என்றார். தெளிவாக, தப்பில்லாமல். மிச்சத்தையும் தனக்குத் தெரிந்த இந்தியிலேயே சொன்னார். "தண்ணின்னு நெனச்சுட்டார். மழையில களைப்பா இருந்தது. டின்னுல தெளிவா தண்ணி மாதிரிதான் இருந்தது. தாகம்." அவளிடம் சொன்னதையே விசாரணையில் கேட்டாலும் சொல்வேன் என்றார்.

கட்டிலில் இருந்த ஆளின் முதுகு குலுங்கியது. அவள் வாயைச் சேலைத்தலைப்பால் பொத்திக்கொண்டாள். எனக்குக் காலடியில் தரை நகர்ந்த மாதிரி இருந்தது. போலீஸ் பிடித்தபோதுகூட அப்படி இருக்கவில்லை. டின்னுக்குள் கிடந்த டீ கிளாஸை நானும் பார்த்தேன், அவரும் பார்த்தார்.

வெளியே வந்து பஸ்ஸுக்கு நின்றபோது பொறுக்கமுடியாமல் கேட்டேன். "ஏன் அத்திம்பேர் அப்படிச் சொன்னேள்?"

பஸ் வருகிறதா என்று எட்டிப் பார்த்தார்.

"நான் குடிக்கலைன்னு சொல்ல அன்னிக்கு எனக்கு வாயே வரலை. நீதான் சொன்னே. அவனுக்குச் சொல்ல யாரு இருக்கா?" என்றார். "ஆனா அவன் குடிச்சிருக்கானே" என்றேன். "ஆமாம். குடிச்சிருக்கான்" என்றார்.

விசாரணை நடந்ததா, ஹவல்தாரின் வேலை நிலைத்ததா என்று எங்களுக்குத் தெரியவரவில்லை. எங்களை யாரும் கூப்பிட்டுக் கேட்கவில்லை. காரை அந்த மெக்கானிக்கே டாங்கைக் கழுவி ஓட்டிக்கொண்டுவந்து வாசலில் விட்டுப் போனார். அத்திம்பேர் கொஞ்ச காலம் அதைத் தொடவில்லை. அப்புறம் வழக்கம்போல ஞாயிற்றுக்கிழமை துடைக்க ஆரம்பித்தார். மழை முடிந்ததும் அதே பங்கில், அதே பெட்ரோலைப் போட்டுக்கொண்டு, எங்களை ஜூஹூ கடற்கரைக்குக் கூட்டிப்போனார்.